தாழ்வான நாற்காலி

இந்த நாற்காலி எனக்குக் கொஞ்சம் உயரம். குறை சொல்லவில்லை, தொழில் பழக்கம். நோயாளியிடம் பேசப் போகிறவர் கட்டிலைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும். மேலேயிருந்து கேட்டால் யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. நான் நோயாளிகளின் பிரதிநிதி. எனக்கும் டாக்டர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்கு வைத்துப் பார்க்கும் சோதனை என்பதால், அப்படி ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி.

கையெழுத்தெல்லாம் முன்பே முடிந்திருக்கும். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன், பக்கத்து அறையில் நானும் நோயாளியும் மட்டும் கடைசியாக ஒரு தடவை பேசுவோம். டாக்டர் கூடாது, வீட்டார் கூடாது. நான் வெளியே வந்து சொல்வதுதான் முடிவு. மறுத்தவரிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அதுவும் விதி. நல்ல விதி.

நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது இரண்டாவது ஆள் விஷயமாக. முதல் ஆளிடமிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அவர் ஒரு பஸ் டிரைவர். தமாஷ் பேர்வழி. "பன்னி கிட்னி வச்சா நான் உறுமுவேனா தங்கச்சி?" என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "பயமா இருக்கும்மா. டயாலிசிஸ்லயே இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிக்கிறேனே. வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?"

"மாட்டாருண்ணே. நான் சொல்லிடுறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்து, "சம்மதிச்சுட்டார். ஆனா ரொம்பப் படபடப்பா இருக்கார், இங்கேயே ஊசி போட்டுத் தூங்க வச்சுடுங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். வார்டுக்குத் திரும்பப் போகிறோம் என்ற நிம்மதியிலேயே தூங்கிப்போனார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பயத்தில் வாய் ஒன்று சொல்லும், மனம் ஒன்று நினைக்கும். மனதைக் கேட்பதுதான் என் வேலை. தவிர, வரிசையில் அடுத்த ஆள் என் தம்பி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனையும் சொல்ல விடவில்லை. சொன்னால் என்னை விலக்கிவிடுவார்கள். அப்புறம் அவனுக்காக யார் பேசுவது? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். யாருடைய காலை விட்டு ஆழம் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

டிரைவர் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தார். "என்ன சொல்றார் மேடம்?" என்று அவர் மனைவி பதறினார். "கவலைப்படாதேன்னு சொல்றார்" என்றேன். அந்த அம்மாவுக்கு அது எவ்வளவோ ஆறுதல். இரண்டாவது வாரம் அந்தச் சிறுநீரகம் கறுத்துப்போய், குழாயை எடுக்கும் முன்பே அவர் இறந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தம்பியின் முறை. அதே அறை, அதே நாற்காலி.

"பஸ்காரர் கதை தெரியும்க்கா. பரவாயில்லை. அந்த மெஷின்ல கிடந்து கிடந்து வாழ்க்கையே வெறுத்துப்போச்சு. எனக்கு வேணும்."

தெளிவாகத்தான் சொன்னான். நான் வெளியே வந்து, "மாட்டேன்னுட்டார்" என்றேன். உள்ளே போய் அவனிடம், "ரத்தம் ஒத்துப்போகலையாம்டா" என்றேன். அழுதான். நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

அவனுக்கு வைத்திருந்த சிறுநீரகம் ஒரு தையல்காரிக்குப் போயிற்று. மருந்தை மாற்றியிருந்தார்களாம், நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள். நல்ல மனசுக்காரி. டயாலிசிஸ் வார்டுக்குத் தேடி வந்து, "நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் நான் பொழச்சேன். நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இப்படித்தான் விஷயம் உங்கள்வரை வந்தது. அதற்குள் அவன் இதயம் ஆபரேஷனைத் தாங்காத நிலைக்குப் போய்விட்டது. இனி வைக்க முடியாது.

ஆமாம், இரண்டையும் நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

அக்கா முகத்திலேயே விழிக்க மாட்டேன், நான் செத்தாலும் அவள் வரக் கூடாது என்று அவன் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சொல்லியிருப்பான். ஆனால் அவன் மனதில் இருப்பது அதுவல்ல. என்னை அவன் அறைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு தாழ்வான நாற்காலி போதும், நீங்கள் கதவுக்கு வெளியே நில்லுங்கள். அவன் உண்மையில் என்ன நினைக்கிறான் என்று நான் வந்து சொல்கிறேன்.