ஆறு மணிக்குள் ஒன்று திரும்பணும்

லிஃப்ட்காரர்: ...அதான் சொல்றேன், இந்த ரெக்கார்டரே போதும். சோப்பு டப்பா சைஸ். நாலு பேட்டரி, ஒரு சிவப்பு பட்டன். ஒரு தடவை அமுக்கினா பதியும், இன்னொரு தடவை அமுக்கினா நிக்கும். மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

டீச்சர்: போன சனிக்கிழமை கம்ப்யூட்டர்தான் வேணும்னு கடையில தரையில உருளாத குறையா அடம் பிடிச்சது யாரு?

லிஃப்ட்காரர்: அது போன சனிக்கிழமை. அப்போ எனக்கு அறுபத்தெட்டு வயசு.

டீச்சர்: இப்போ?

லிஃப்ட்காரர்: ஒரு வாரம் கூடியிருக்கு. அறிவு ரெண்டு வாரம் கூடியிருக்கு.

மைத்துனர்: மாமா, அக்கா... சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. ஒரு வாரம் வீட்டுல வச்சுப் பாருங்கன்னு கடைக்காரர் என் முகத்துக்காகத்தான் ரெண்டையும் குடுத்தாரு. ஆறு மணிக்குள்ள ஒண்ணு திரும்பிப் போகணும். இப்பவே அஞ்சாகப் போகுது.

டீச்சர்: ரெக்கார்டர் போகட்டும். கம்ப்யூட்டர் இங்க இருக்கட்டும்.

மைத்துனர்: நீயா அக்கா சொல்றே? "பாடறதுக்கு வாயைத் திறந்தாப் போதும், பொட்டியைத் திறக்க வேண்டியதில்லை"ன்னு கடைக்காரர் முன்னாடியே சொன்னவ நீதானே?

டீச்சர்: சொன்னேன். இப்போ மாத்திச் சொல்றேன். முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்தவடா நான். தப்பாப் போட்டதை அழிச்சிட்டுத் திரும்பப் போடறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

லிஃப்ட்காரர்: கேட்டியா மச்சான்? கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம். உங்க அக்கா "மாத்திச் சொல்றேன்"னு சொல்றது இதுதான் முதல் தடவை. அதைப் பதிஞ்சு வைக்காம விட்டுட்டோமே... இந்தச் சிவப்பு பட்டனை அமுக்கியிருந்தா...

டீச்சர்: பேச்சைத் திருப்பாதீங்க. நம்ம பொண்ணு என்ன கேட்டா? புது ஊருக்குக் குடி போறா. அங்க ஒருத்தரையும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவீங்களே அந்தப் பாட்டு, அதைப் பதிஞ்சு குடுங்க, வீட்டுல உங்க சத்தம் கொஞ்சம் இருக்கட்டும்னா. அதையாவது ஒழுங்காச் செய்யணும்.

லிஃப்ட்காரர்: ரெண்டு பேரும்னு அவ கேட்டா. ஞாயித்துக்கிழமை ரெக்கார்டர்ல போட்டுக் கேட்ட உடனே நீ தீர்ப்பு எழுதிட்டியே. "நான் பாடறேன், நீங்க தாளம் மட்டும் போடுங்க"ன்னு.

டீச்சர்: ...எழுதினேன்.

மைத்துனர்: தாளமும் பாட்டுல ஒரு பங்குதானே மாமா.

லிஃப்ட்காரர்: நான் எங்கடா குறை சொன்னேன்? எனக்குச் சுருதி நிக்காதுங்கறது ஊருக்கே தெரியும். வேலையில இருந்தப்போ நான் சரணம் எடுத்தா எதிர்க் கட்டிடத்துல லிஃப்ட் ரெண்டு மாடி இறங்கி நடுவுல நின்னுடும். உள்ள மாட்டினவங்க எனக்கே போன் பண்ணுவாங்க. போய்ச் சரி பண்ணுவேன். வர்ற வழியில இன்னொரு சரணம். அப்படித்தான் பிள்ளையைப் படிக்க வச்சேன்.

டீச்சர்: சும்மா இருங்க.

லிஃப்ட்காரர்: ஒரு தடவை ஒன்பது மாடி...

டீச்சர்: சும்மா இருங்கன்னேன்ல. அந்தக் கதையெல்லாம் இனிமே சொல்ல வேண்டாம்.

லிஃப்ட்காரர்: ஏன்? இத்தனை வருஷம் முதல் ஆளாச் சிரிச்சதே நீதானே?

டீச்சர்: இப்போ சிரிப்பு வரலை. விடுங்க.

மைத்துனர்: மணி அஞ்சு அடிச்சிருச்சு.

லிஃப்ட்காரர்: சரி, நியாயமாப் பேசுவோம். இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்த உடனே என்ன கேக்குது? "புதுப்பிக்கட்டுமா?" சரின்னேன். நான் பல் தேய்ச்சேன், குளிச்சேன், பேப்பரை விளம்பரம் வரைக்கும் படிச்சேன், ஷேவ் பண்ணேன். தாடி திரும்ப வளர்ந்துருச்சு. இன்னும் பன்னெண்டு சதவீதம்.

மைத்துனர்: மாமா, பத்து நிமிஷம்தான் ஆச்சு. நானும் இங்கதான் இருந்தேன்.

லிஃப்ட்காரர்: உனக்குப் பத்து நிமிஷம். ரிட்டையர் ஆனவனுக்கு நேரம் வேற கணக்குடா.

டீச்சர்: ரெக்கார்டர் மட்டும் என்ன கிழிச்சுது? ஞாயித்துக்கிழமை பதிஞ்சதுல என்ன இருக்கு? மின்விசிறி இருக்கு, உங்க நாற்காலி இருக்கு, மேல் வீட்டுல கட்டில் இழுக்கற சத்தம் இருக்கு, தண்ணி மோட்டார் இருக்கு.

லிஃப்ட்காரர்: மோட்டார் நல்லாப் பாடுச்சு. என்னைவிடச் சுருதியா.

டீச்சர்: கம்ப்யூட்டர்ல ஒரு வரி சரியில்லைன்னா அந்த வரியை மட்டும் திரும்பப் பாடலாம். ரெக்கார்டர்ல முழுப் பாட்டையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

லிஃப்ட்காரர்: ஆரம்பிப்போமே. நமக்கு என்ன பஸ் போயிடப் போகுதா? அதோட, உனக்கு எதுக்குத் திரும்பப் பாடறது? உன் பாட்டுல ஒரு குறையும் கிடையாது.

டீச்சர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

லிஃப்ட்காரர்: எப்படின்னா... முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கறேனே.

டீச்சர்: சேர்ந்து கேட்டீங்க. தனியாக் கேட்டீங்களா?

லிஃப்ட்காரர்: அதான் எனக்கு இந்தக் கம்ப்யூட்டரே பிடிக்கலை. மச்சான், நீயே சொல்லு. திங்கக்கிழமை இதுல பதிஞ்சப்போ என்னவோ விளக்கினியே.

மைத்துனர்: அது ஒண்ணும் இல்லை மாமா. திரையில ஆளுக்கு ஒரு கோடு, அதுல அவங்க சத்தம் மட்டும் தனியாப் பதியும். முதல்ல நான் கீபோர்டை வாசிச்சு வச்சேன். அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அக்கா பாடுச்சு. அப்புறம் சும்மா வேடிக்கைக்கு நீங்க பாடினீங்க. எந்தக் கோடு வேணாமோ அதை நிறுத்திட்டு மத்ததை மட்டும் கேக்கலாம்.

லிஃப்ட்காரர்: பார்த்தியா? குடும்பத்துல ஒருத்தர் வாயை அடைச்சிட்டு இன்னொருத்தரைக் கேக்கறதாம். ரெக்கார்டர்ல அந்த வம்பே இல்லை. மூணு பேரும் ஒண்ணா உக்காந்தோமா, ஒண்ணாப் பாடினோமா, ஒண்ணாப் போய் விழுந்தோமா... கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

மைத்துனர்: எனக்கும் ரெக்கார்டர்தான் சரின்னு படுதுக்கா.

டீச்சர்: நீயுமா? கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு ஒரு மாசமாத் தலையைத் தின்னவன் நீதானேடா?

மைத்துனர்: ஆமா... ஆனா, ஒரே அறையில உக்காந்து வாசிச்சாத்தான் எனக்குக் கை வருது. முன்னாடியே தனியா வாசிச்சு வச்சிட்டா, பின்னாடி நீ எப்படிப் பாடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: என்ன பேச்சு இது? நீ எட்டாவது படிக்கும்போதுல இருந்து அதே பாட்டு. இப்போ உனக்கு ஐம்பத்தஞ்சு.

மைத்துனர்: அதே பாட்டுதான்... இருந்தாலும்.

லிஃப்ட்காரர்: ரெண்டுக்கு ஒண்ணு. ரெக்கார்டர் ஜெயிச்சாச்சு. மச்சான், கம்ப்யூட்டரைக் கட்டு. அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை பதிஞ்சதை அழிச்சிடு.

டீச்சர்: அழிக்கக் கூடாது.

லிஃப்ட்காரர்: எதுக்கு வச்சுக்கிட்டு? கடைக்காரர் பார்த்தா மானம் போகும்.

டீச்சர்: யாரு மானம்?

லிஃப்ட்காரர்: என் மானம்தான். வேற யாரு மானம்?

டீச்சர்: ...இங்க பாருங்க. அந்த வயரை விடுங்க. விட்டுட்டு உக்காருங்க. செவ்வாய்க்கிழமை நீங்க பார்க்குக்கு நடக்கப் போனீங்கல்ல...

லிஃப்ட்காரர்: பதினெட்டு கிலோமீட்டர் நடந்தேன்.

டீச்சர்: மூணு சுத்து. அப்போ இதைத் திறந்தேன். உங்க குரலை எடுத்துட்டு அனுப்பினா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் திறந்தேன். பொய் சொல்ல மாட்டேன். உங்க கோட்டை நிறுத்திட்டு, என் குரலையும் கீபோர்டையும் மட்டும் போட்டேன். பல்லவி நல்லா இருந்துச்சு. சரணத்துல...

லிஃப்ட்காரர்: வேணாம் விடு.

டீச்சர்: சரணத்துல ஏறுது. கீபோர்டு அங்கயே இருக்கு, குரல் அரைக்கட்டை மேல போயிடுது. ஹெட்போன் காதை அடைக்குதுன்னு பாடும்போது ஒரு பக்கம் தள்ளி வச்சிருந்தேன், அதனாலதான்னு நினைச்சேன். நாலு தடவை போட்டேன். அப்புறம் என்னை நிறுத்திட்டு உங்களைப் போட்டேன். ஒட்டி வச்ச மாதிரி நிக்கறீங்க. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும். கொஞ்சம் கரகரன்னு இருக்கு. ஆனா நகரவே இல்லை.

லிஃப்ட்காரர்: ...தெரியும்.

டீச்சர்: என்ன தெரியும்?

லிஃப்ட்காரர்: திங்கக்கிழமை சாயங்காலமே கேட்டேன். நீ துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தே. எது எதையோ அமுக்கினேன், நீ மட்டும் வந்தே. இன்னொண்ணை அமுக்கினேன், நான் மட்டும் வந்தேன். முதல்ல வேற யாரோன்னு நினைச்சேன்.

டீச்சர்: அதனாலதான் மறுநாள்ல இருந்து ரெக்கார்டர், ரெக்கார்டர்னு...

லிஃப்ட்காரர்: சோப்பு டப்பா மாதிரி அழகா இருந்துச்சு.

டீச்சர்: என்னங்க... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எத்தனை பேர் முன்னாடி உங்களை வாயை மூடுங்கன்னு சொல்லியிருக்கேன்.

லிஃப்ட்காரர்: சொல்லி? நீ அப்புறம் பாடவே மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு கணக்கு தப்பாப் போனதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தவ நீ. நீ பாடாத வீட்டுல நான் சுருதியோட உக்காந்து என்ன பண்ணப் போறேன்?

டீச்சர்: பாடுவேன். அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வேணும்னேன். சரணத்தை வரி வரியாப் பாடறேன், சரியா வர்ற வரைக்கும். நீங்களும் பாடறீங்க. தாளமெல்லாம் வேணாம், பாடறீங்க. பொண்ணு கேட்டது ரெண்டு குரலை.

லிஃப்ட்காரர்: அப்போ நான் நிஜமாவே பாடகனா? மச்சான், கேட்டுக்கோ. நாளையில இருந்து எனக்குச் சுடுதண்ணி மட்டும்தான். காலர் வச்ச சட்டை. யாராவது லிஃப்ட் ரிப்பேர்னு போன் பண்ணா, ஐயா பயிற்சியில இருக்காருன்னு சொல்லிடு.

டீச்சர்: ஆனா ஒரு இடம் கணக்கு உதைக்குது.

லிஃப்ட்காரர்: ஆரம்பிச்சிட்டா.

டீச்சர்: ஞாயித்துக்கிழமை ரெக்கார்டர்ல என் குரலும் கீபோர்டும் ஒண்ணா இருக்கு, நீங்க மட்டும் தனியா நிக்கறீங்க. திங்கக்கிழமை கம்ப்யூட்டர்ல உங்க குரலும் கீபோர்டும் ஒண்ணா இருக்கு, நான் தனியா நிக்கறேன். அதே பாட்டு, அதே மூணு பேரு. நான் ஏறினா ஞாயித்துக்கிழமையும் கீபோர்டோட மோதியிருக்கணுமே? இத்தனை வருஷத்துல ஒரு விசேஷத்துலயாவது மோதியிருக்கணுமே? எப்பவும் மோதினது நீங்க மட்டும்தான். அது எப்படி?

லிஃப்ட்காரர்: ஆமா... அது எப்படி?

டீச்சர்: டேய். எங்க எழுந்திரிக்கறே?

மைத்துனர்: கடைக்கு... ரெக்கார்டரைக் குடுத்துட்டு வந்துடறேன்க்கா. ஆறு மணிக்கு மூடிடுவாரு.

டீச்சர்: இன்னும் அரை மணி இருக்கு. உக்காரு. என் முகத்தைப் பாரு.

லிஃப்ட்காரர்: மச்சான், எதுவா இருந்தாலும் சொல்லிடு. இது கணக்கு டீச்சர் குரல். விடை வராம விடாது.

மைத்துனர்: ...நான் எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை உன்கிட்ட "சரணத்துல ஏறுதுக்கா"ன்னு சொன்னேன். எட்டு நாள் நீ என்கூடப் பேசலை. அதுல இருந்து, நீ ஏறப் போறேன்னு தெரிஞ்சா நானும் அரைக்கட்டை ஏத்தி வாசிச்சிடுவேன், யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்ல முதல்லயே வாசிச்சு வச்சதால கூட வர முடியலை. மத்த நாள்லயெல்லாம் நாம ரெண்டு பேரும் மேல போயிடுவோம்க்கா, மாமா மட்டும் சரியான இடத்துல தனியா நின்னு பாடிட்டிருப்பாரு... எல்லாரும் சிரிப்பாங்க, அவரும் சேர்ந்து சிரிப்பாரு. அவரே சிரிக்கறாரேன்னு நான் சொல்லாமலே விட்டுட்டேன்.