எழுநூறு பூனைகளுக்குப் பின்னால் நின்ற விண்ணப்பம்

அவைக்கு அழகூட்டும் தலைமையாசிரியர் அவர்களே! என்னை இன்னும் பள்ளியில் வைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை என்ன உளறப்போகிறானோ என்று முன்வரிசையில் மூச்சைப் பிடித்திருக்கும் தாய்மார்களே! காரணமே இல்லாமல் கைதட்டும் கடைசி பெஞ்சுக் கண்மணிகளே!

இந்த மாமன்றத்துக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: நேற்று மாலை நான்கு ஐம்பத்தெட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது!

சிரிக்காதீர்கள். அது என் அக்காவின் செவிலியர் படிப்பு விண்ணப்பம். ஐந்து மணியோடு கெடு முடிகிறது. வீட்டில் இணையம் படுத்துவிட்டதால், நம் கணினி அறையிலிருந்து மூன்று மணிக்கே அனுப்பினாள். நாலு மணிக்குக் கல்லூரிக்குப் போன் போட்டால், "இன்னும் வரலையேம்மா" என்கிறார்கள்!

எங்கே போனது? எங்கும் போகவில்லை! நம் பள்ளியின் அஞ்சல் சர்வரிலேயே வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் எழுநூறு அஞ்சல்கள். எழுநூறிலும் தொப்பி போட்ட பூனைப் படம்!

"டேய், என் வாழ்க்கை பூனைக்குப் பின்னாடி நிக்குதுடா!" என்று அலறினாள் அக்கா.

"பதறாதேம்மா, எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றார் கணினி ஆசிரியர்.

எடுத்தது யார்? இந்தக் கைகள்! வழியை அடைத்த பூனைகளை வாரி வீசிய வீரக் கைகள்! (விசில் அடிப்பது யாரப்பா? நன்றி.)

விண்ணப்பம் கிளம்பியது. வழியிலிருந்த சர்வரோ, "இப்ப முடியாது, அப்புறம் வா" என்றது. நம் சர்வர் முறைத்ததா? முரண்டு பிடித்ததா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதா? இல்லை! கால் மணி பொறுத்து மறுபடி கதவைத் தட்டியது. அடுத்தவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை தன் கையிலிருந்த பிரதியைக் கீழே போடவில்லை. கைமாறிய ஒவ்வோர் இடத்திலும், எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று அஞ்சலின் தலையில் முத்திரை விழுந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுப்பு? "அப்பாகிட்ட சொல்லிடு" என்ற சேதியை அடுத்த அறைக்குள் தொலைத்தவர்கள் அல்லவா நாம்?

அக்காவுக்கு ரசீது வந்தது. வீடே குளிர்ந்தது!

ஆனால்... அந்த முத்திரை பூனைகளின் தலையிலும் இருந்தது. கணினி ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: "பதினோராம் கணினி. மதியம் ரெண்டரை. அங்க உட்கார்ந்திருந்தது யாருடா?"

அடியேன்தான்.

ஆகவே பெரியோர்களே, இது எனக்குக் கிடைத்த பாராட்டு மேடை இல்லை, தண்டனை. மன்னிச்சிடுக்கா. பொறுமையாகக் கேட்ட எல்லாருக்கும் நன்றி. அம்மா எழுந்திருப்பது தெரிகிறது, அவசர வணக்கம்!