அவுத்து விட்டது நான்தான்

கைய அவுத்து விட்டது நான்தான் அக்கா, அந்த அட்டன்டன் அம்மாவ ஏசாதீங்க. ஒங்க அப்பாவக் கட்டிப் போடச் சொல்லி நேத்து நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்களாம். அவங்களும் பண்டேஜால ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட சேத்துக் கட்டிட்டாங்க. நான் ட்யூட்டிக்கு வந்ததும் மொத வேலையா அதத்தான் அவுத்தேன்.

சேலைன் ஊசியப் புடுங்கிருவாருன்னா? புடுங்குவாரு, இல்லேங்கல. கட்டினா புடுங்க மாட்டாருன்னு யாரு சொன்னா? நான் வாய்க்கு வந்தத சொல்லல அக்கா. எத்தனையோ நாட்டு ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. கட்டிப் போட்டவங்கதான் கூட மிரளுறாங்களாம், கூட இழுக்குறாங்களாம், புத்தியும் இன்னும் கலங்கிப் போகுதாம். அதையெல்லாம் படிச்சிட்டு வந்து இந்த வார்டுல எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். நம்ம அரைகொறை சிங்களம் தெரியும்ல, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நிஷாந்தினி படிச்சதக் காட்டுறான்னு சிஸ்டர் என்னைய மொறைச்சாங்க. பெறகு அவங்களே, சரி செஞ்சுதான் பாப்போமேன்னு விட்டாங்க.

அவரு ஏன் புடுங்குறாருன்னு நீங்க கேட்டீங்களா? நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டேன். அட்டை கடிக்குதாம்! தோட்டத்துல தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டின மனுசன், கையில என்னமோ ஒட்டிக்கிட்டு ரத்தமும் தெரிஞ்சா வேற என்னத்த நெனைப்பாரு? அதான் துணிய சுத்தி ஊசிய மறைச்சு விட்டேன். அப்பப்ப பிரிச்சு, வீங்கியிருக்கான்னு பாத்துக்கிறேன். மேசை லாச்சியில கெடந்த கண்ணாடியையும் எடுத்து மாட்டி விட்டேன். இப்ப கேளுங்க, பேரச் சொல்லி ஒங்களக் கூப்பிடுவாரு.

இல்லக்கா, கட்ட மாட்டேன். நீங்க கையெழுத்தே போட்டுத் தந்தாலும் மாட்டேன். கட்டினா வசதிதான், ஆனா யாருக்கு? நமக்கு.

என்ன? என்னோட அம்மாவா இருந்தா தெரியும்னா?

ம். தெரியும்.

எங்கம்மாவுக்கும் இப்ப ஒன்னும் ஞாபகமில்ல அக்கா. கலகெதரயில மெயின் ரோட்டு ஓரமா வீடு. ரெண்டு தடவ பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னுருச்சு. எங்க வீட்டுக்காரரு கட்டார்ல வேலையில. பாத்துக்க வந்த பொண்ணும் கல்யாணமாகிப் போயிருச்சு. லீவு போட்டுப் போட்டு இனிப் போட லீவும் இல்ல. ஆராய்ச்சியில என்ன இருக்குன்னு அதுக்கும் தேடிப் பாத்தேனே. பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணுமாம். அந்த ஆளுக்கு நான் எங்க போக?

பாக்குற நேரம் முடிஞ்சு மணி அடிச்சிட்டாங்க, பயப்படாம போங்க. ராவைக்கு வர்ற நர்ஸ் மிஸ்கிட்டயும் அப்பாவப் பத்திச் சொல்லிட்டுத்தான் போவேன். ட்யூட்டி முடிஞ்ச கையோட நானும் ஓடணும், வீட்டுல போய் அவுத்து விடணும்ல. இறுக்கியெல்லாம் கட்டுறதில்ல அக்கா, பழைய சேலைத் துணிதான், ஒத்தக் கால மட்டும். மொதல்லெல்லாம் அழும். இப்பல்லாம் நான் வெள்ள உடுப்பப் போட்டாலே, அதுவா கால நீட்டுது.