பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க

வாளியை அப்படி ஓரமா வைங்கம்மா. இல்ல, இன்னைக்குக் குடுக்க முடியாது, அதைத்தான் சொல்ல வர்றேன். வளர்ப்பு மீன்கடைச் சுவத்துல ஒட்டின சீட்டு என்னுதுதான். காட்டு ஃபைட்டர் மீன், இலவசம்னு எழுதினதும் நான்தான். ஆனா பாருங்க, ஆண் மீன் இப்ப வாய்க்குள்ள முட்டை வச்சிருக்கு. ஆமா, இந்த வகையில அப்பாதான் சுமக்கும். இந்த நேரத்துல வலையைப் போட்டா பயந்துபோய் அத்தனையும் முழுங்கிரும். பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க. புரியுதும்மா, உங்க வீட்டுல பெண் மீன் தனியாக் கெடக்குன்னு சொன்னீங்க. பன்னெண்டே நாள்தான. உக்காருங்க, வந்ததுதான் வந்தீங்க.

அழுக்குத் தண்ணி இல்லம்மா அது. பாதாம் இலைச் சாயம். தானா காஞ்சு விழுந்த இலையாப் பாத்துப் போடணும், அப்பத்தான் இதுங்க நிம்மதியா இருக்கும். எல்லாம் எங்க வீட்டம்மா சட்டம். அவ பள்ளிக்கூட லேப்ல வேலை பாத்தா. இந்தத் தொட்டி, குழாய், எல்லாம் அவ கை வச்சதுதான். கடையில இருக்கிறதெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்கு, இது வேலைக்குக் கெளம்பின மாதிரி இருக்கும்பா. என்னையும் சேத்துத்தான் சொன்னான்னு நெனைக்கிறேன். நான் பஸ் டிப்போவுல டயர் மாத்தினவன்.

எனக்கு என்ன தெரியும் மீனைப் பத்தி. ஒருதரம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. போன மறுநாள்லேர்ந்து ஆண் மீன் சாப்பிடல. தொண்டை வீங்கிக் கெடக்கு. சரி, சீக்கு வந்துருச்சுன்னு நெனச்சு ஒரு பாட்டில்ல புடிச்சுப் போட்டு, உப்பைக் கலந்து விட்டேன். சாயங்காலம் வீக்கம் வத்திருச்சு. எனக்கு ஒரே பெருமை, வைத்தியம் பலிச்சிருச்சுன்னு. அது வீக்கம் இல்ல, முட்டைன்னு அப்ப எனக்கு எங்க தெரியும். அவ வந்து தொட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லன்னா, அவ்வளவுதான். ரெண்டு நாள் மீனுங்ககிட்ட மட்டும்தான் பேசினா. அதுவும் எனக்குக் கேக்குற மாதிரி.

ம், போயிட்டாம்மா. எட்டு மாசம் ஆச்சு. காய்ச்சல்னுதான் படுத்தா. பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க.

அவ இருந்தவரைக்கும் வாசல் மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். குஞ்சு வேணும்னு வருவாங்க, சந்தேகம் கேக்க வருவாங்க. வெளியூர்லேர்ந்து ஒரு டீச்சர் வருவாங்க, இந்த நாற்காலியிலதான் உக்காந்து மணிக்கணக்கா மீன் கதை. நான் டீ போட்டு வச்சுட்டு, ஐயோ இந்த வீட்டுல நியூஸ் கேக்க முடியுதான்னு முனகிக்கிட்டே உள்ள போயிருவேன்.

என்னம்மா, டார்ச் அடிச்சுத் தேடுறீங்க? இலைக்கு அடியிலயா? இல்ல, அங்க இல்ல.

உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு. இதோட ஜோடி, அந்தப் பெண் மீன், செத்து மூணு மாசம் ஆகுது. மூடியைச் சரியாப் போடாம விட்டுட்டேன், குதிச்சிருச்சு. காலையில தரையில கெடந்துச்சு. ஆமா, அப்புறம் முட்டை எங்கேர்ந்து வரும். உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க, ஒருத்தரும் இதைக் கேக்கல. சரிங்கன்னு போயிட்டாங்க. ஒருத்தர் மட்டும் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்தார். அவருக்கும் டீ போட்டுக் குடுத்து, இன்னும் பத்து நாளாகும்னு சொன்னேன்.

கோவிச்சுக்காதீங்க. அவ போனப்புறம் கேஸ் சிலிண்டர் போடுறவரைத் தவிர யாரும் மணி அடிக்கல. அதான் சீட்டை எழுதி ஒட்டினேன். மீனைக் குடுத்துட்டா சீட்டைக் கிழிக்கணும்ல.

சரி, வாளியை எடுங்க. பாதி வரைக்கும் தொட்டித் தண்ணியையே ஊத்திக்குவோம். வலை வேணாம், டம்ளர்ல மெதுவா மொண்டா வந்துரும். வாளியை மூடியே கொண்டு போங்க, எகிறி விழுந்துரும். உங்களுதும் தனியாத்தான கெடக்கு, ரெண்டும் சேந்து இருக்கட்டும்.

எப்பவாவது வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாமா? எத்தனாவது மாடி? நாலா? லிஃப்ட் இல்லையா. பரவால்லம்மா, நின்னு நின்னு ஏறிருவேன்.