ரத்தத்தில் ஏறாதது

— ரத்தம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எது நெசம்?

— ரத்தத்துக்கு வாயா இருக்கு? சும்மா எதையாவது கெளப்பாத. வயித்துப்புண்ணோட உக்காந்திருக்கற புருஷன்கிட்ட, ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு நல்லாக் கேக்கற கேள்வி! உன் வயித்தெரிச்சல்தான்டி என் வயித்த எரிக்குது.

— டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. உங்க புண்ணுக்குக் குடுத்த மாத்திரை வயித்து அமிலத்த அடக்குமாம். அடக்கினா ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஏறுமாம். உங்களுக்கு ஏறவே இல்லயாம். "மாத்திரையே போடாதவர் ரத்தம் மாதிரி இருக்கு, புண்ணு எப்படி ஆறும்?"னு கேட்டாங்க.

— சும்மா, மிஷின் கோளாறா இருக்கும்.

— மறுபடியும் எடுத்துப் பாத்துட்டாங்க. தெனம் காலைல தண்ணியும் மாத்திரையும் உங்க கையில குடுக்கறவ நான். வாயில போட்டீங்க, பாத்தேன். முழுங்கினீங்களா? ஏன் தலையக் குனியறீங்க? உள்ள கூப்பிடறதுக்குள்ள சொல்லுங்க.

— நாக்குக்கு அடியில வச்சுக்குவேன். நீ அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவேன்.

— அட பாவி மனுஷா! ராத்திரி பூரா சுருண்டு கெடந்து கத்தினதெல்லாம் நடிப்பா?

— நடிப்பில்லடி. நெசமாத்தான் எரிஞ்சுது.

— எங்கம்மா சாகக் கெடந்தப்ப, பஸ் ஏறக் கெளம்பினவள "உசுரு போகுது, போகாதே"ன்னு கையப் புடிச்சுக்கிட்டீங்களே, அன்னிக்கு?

— அன்னிக்கும் போடல.

— பெத்தவ மொகத்தக்கூட நான் பாக்கல. எதுக்கு? நான் என்ன பண்ணினேன் உங்களுக்கு?

— அதுக்கு முன்னாடியே உங்கக்காகிட்ட போன்ல சொன்னியே, "அவருக்குப் புண்ணு ஆறட்டும், அன்னிக்கே பொட்டியோட வந்துடறேன்"னு. ஒட்டுக் கேட்டேன். எனக்கு வாயும் நீளும், உன்மேல கையும் நீளும். நான் நல்லாயிட்டா நீ ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன்னு தெரியும். எரிஞ்சா எரியட்டும், நீ பக்கத்துல இருக்கியேன்னு...

— அப்படியா.

— இனிமே முழுங்கறேன். சும்மா சொல்லல, வாயத் தொறந்து காட்டறேன், போதுமா? பாரு, கூப்பிடறாங்க. எந்திரி, உள்ள போலாம்.

— நீங்க போங்க.

— நீ எங்க கெளம்பற? எனக்கு இன்னும் ஆறலயே!

— சீக்காளிய விட்டுட்டுப் போக மனசு வரலன்னுதான் இத்தன வருஷமும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க சீக்காளி இல்லயே. புண்ணையே பூட்டாக்கி என்னைக் காவல் காத்தவரு.