ரொபர்ட் கேட்ட அடையாளம்

— திரும்பவும் சொல்றேன் துஷ்யந்தி, உடுப்பு மூட்டைய அவுத்துடு. நாம எங்கயும் போகல.

— என்னங்க இது? பதில் வரட்டும், ரெண்டுல ஒன்னு சொல்றேன்னு காலையில சொன்னீங்க. இப்ப கொல்லையில இருந்து நனைஞ்சுக்கிட்டு வந்து போகலங்கிறீங்க. இந்த லயத்து வரிசையில எட்டு வீட்டுல ஏழு வீடு இஸ்கூலுக்கு எறங்கிருச்சு.

— எறங்கட்டும். போன வருஷமும் மலை சரியும்னு இதே மழைக்குத்தான் நாமளும் எறங்கினோம். மூனு நாள் இஸ்கூல் தரையில கெடந்தோம். மலை அப்படியேதான் இருந்துச்சு. கட்டிப்போட்ட கன்னுக்குட்டிதான் வெறைச்சுச் செத்துச்சு. மறந்துட்டியா?

— மறக்கல. ஆனா எனக்குப் பயமா இருக்கு. நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. அடுப்படிக் கதவு நேத்து வரைக்கும் நல்லா மூடுச்சு. இன்னைக்குச் சட்டத்துல இடிக்குது.

— மழைக்குப் பலகை ஊதும்.

— சுவருமா ஊதும்? நம்ம அக்ஸாவோட வெரல் போற அளவுக்கு வெடிச்சிருக்கு.

— வெள்ளக்காரன் காலத்து லயம், புள்ள. வெடிக்காம என்ன செய்யும்?

— மலைய சோதிக்கிற ஆபீசர் மாத்தியா செவ்வாக்கெழம பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துக்கு வந்தாருல்ல, அவரும் இதத்தான் சொன்னாரு. கதவு இறுகும், சுவர் வெடிக்கும், அப்புறம்...

— போதும், நிறுத்து. நான் அன்னைக்கு அரிசி வாங்க யட்டியாந்தோட்டைக்குப் போயிருந்தது நல்லதாப் போச்சு. மனுஷன் பேச்சக் கேட்டுத்தான் அந்தக் கன்னுக்குட்டி போச்சு. இந்தத் தடவ ஆண்டவர்கிட்ட மட்டுந்தான் கேப்பேன்னு சொன்னேனா இல்லியா?

— பாஸ்டருக்குப் போன் போட்டீங்களே, அவர் என்ன சொன்னாரு?

— அத விடு.

— சொல்லுங்க.

— ஜெபமும் பண்ணுங்க ரொபர்ட், விஷயம் தெரிஞ்சவங்க சொல்றதையும் கேளுங்கன்னாரு. இதச் சொல்றதுக்கு எதுக்கு ஒரு பாஸ்டர்?

— அவரும் ஆண்டவரோட ஆள்தானேங்க. அவர் வாயால ஆண்டவர் பேசக்கூடாதா?

— எனக்கு நேரா பதில் வேணும் புள்ள. நீ நெனைக்கிற மாதிரி நான் தைரியமா இல்ல. ரெண்டு நாளா நான் தூங்கல. ராத்திரி முழுக்க அக்ஸா தூங்குறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் தப்பா முடிவெடுத்துட்டா யார்கிட்ட போய் நிப்பேன்? அதான் முட்டி போட்டுக் கேட்டேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் சேர்ந்தாவது பயந்திருப்போம்.

— இந்தச் செவலைப் பசு ஏன் இப்படிக் கத்துது?

— காலையில இருந்து கயித்த அறுக்கப் பாக்குது. அதுக்கும் பயம் போல.

— கன்னு போடுற நேரம், அவ்வளவுதான். நீ பயப்படாத. நமக்கு அடையாளம் கெடைச்சிருச்சு.

— என்ன அடையாளம்?

— சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்து விசுவாசிங்க கேட்ட மாதிரி நானும் ஒன்னு கேட்டேன். நடக்கவே நடக்காத ஒன்னு. ஞாயித்துக்கெழம அடுப்படிக்குப் பின்னால புதுசா ஒரு ஊத்து பிச்சுக்கிட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம? நான்தானே மம்பட்டி எடுத்து அந்தத் தண்ணி ஓடக் கான் வெட்டி விட்டேன்.

— அதேதான். ஆண்டவரே, நாங்க இங்கயே இருக்கணும்னா, இந்த மழை பெய்யிறப்பவே அந்த ஊத்த நிறுத்திக் காட்டும்னு கேட்டேன். இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாறேன். மழை கொட்டுது, ஊத்துல ஒரு சொட்டு இல்ல. ஆண்டவர் பதில் சொல்லிட்டாரு, புள்ள. ஏன் அப்படிப் பாக்குற? தூங்குற புள்ளைய எதுக்குத் தூக்குற?

— செவலைய அவுத்து விட்டுட்டு வாங்க. மூட்டை கெடக்கட்டும். செவ்வாக்கெழம அந்த மாத்தியா கடைசியாச் சொன்னத என்னைச் சொல்லவே விடலியே நீங்க. மழை விடுறதுக்கு முந்தி ஊத்து நின்னா, தண்ணி மலைக்குள்ள தேங்குதுன்னு அர்த்தம், அப்ப யார்கிட்டயும் எதுவும் கேக்காம ஓடுங்கன்னாரு.