குடை போட்ட பேட்ஜ்

தகரத்தை எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்கக்கூடாது, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ஏட்டையா ஆர்வக்கோளாறில் அந்த பேட்ஜைத் தேய்க்கப் பார்த்தார், நல்லவேளை, தடுத்துவிட்டேன். சின்னம் போட்ட சீப்பு, கட்சி விசிறி, வேட்பாளர் முகம் அச்சடித்த தீப்பெட்டி என்று பழைய தேர்தல் சாமான் என் வீட்டில் இரண்டு அறை நிறைய இருக்கிறது. என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி அதைக் குப்பை என்றாள். இப்போது மகளோடு சென்னையில் இருக்கிறாள்.

சுவிசேஷமுத்து பெரியவர் பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு தேர்தலில், குடை சின்னத்தில் நின்று டெபாசிட் இழந்த ஒரு சுயேச்சைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். அந்த வேட்பாளர் அடித்த பேட்ஜில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது பெரியவர் சட்டையில் இருந்தது. தூங்கும்போதும் கழற்ற மாட்டார். விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

விலை பேசினேன், கெஞ்சியும் பார்த்தேன்.

"ஆசப்படாதேயும் வே. நான் செத்தா இதயும் குத்தித்தான் பெட்டியில வைக்கணும்னு கெசியாட்ட சொல்லிட்டேன்" என்று சிரித்தார். கெசியா அவர் மகள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து இன்னொரு சேகரிப்பாளர் வந்துபோவதாகக் கேள்வி. ரகசியமாகப் பேசி முடித்துவிட்டாரோ என்று மனசு அரித்தது.

மதுரையில் ஒரு நகல் செய்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினேன். மாற்றிவிடுவது சுலபம். ஆனால் தினமும் தடவுகிற விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ஏமாந்துபோனது தெரிந்தால் அந்த வயசில் அவர் துடித்துப்போவார். அதை என்னால் தாங்க முடியாது, சார். அவருக்குத் தெரியாமலே போவதுதான் நல்லது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை கெசியா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினாள். "சார், அப்பாவப் பாத்துக்கிடுங்க. பைய எழுப்பி மாத்திரை குடுத்துருங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். தலையணை பக்கத்திலேயே இருந்தது. எண்பது தாண்டிய உடம்பு, அதிக நேரம் ஆகவில்லை. பேட்ஜை மாற்றிக் குத்தி, காலரை நேராக்கினேன். அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அழுகையும் வந்தது, பொய்யில்லை.

பெங்களூரிலிருந்து வந்த பெரியவர் மகன் ஹெப்ரான்தான் காரியத்தைக் கெடுத்தான். வீடு கெசியா பேரில் இருக்கப்போய், அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று புகார் கொடுத்தான். நீங்கள் பெட்டியைத் தோண்டினீர்கள், அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்தீர்கள். கல்யாணம்கூட வேண்டாமென்று அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண். என்னால் அவள் சீரழிவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நானே வந்தேன். சாட்சிக்கு பேட்ஜையும் கொண்டுவந்தேன்.

நீங்கள் அதை அவளிடம் காட்டி அடையாளம் கேட்டீர்கள். கையில் வாங்கியதும் அழுதாள்.

"இது அசல் இல்ல சார். அத அப்பா ஆத்துல குளிக்கையில தொலச்சிட்டாவ, நாலஞ்சு வருசமாச்சி. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இன்னொண்ணு செஞ்சு குத்திக்கிட்டாவ. இதுக்கா எங்கப்பாவக் கொன்னாரு?"

நகல்தான், ஒத்துக்கொள்கிறேன். பின்பக்க ஊசி புதுசாக இருந்ததை அன்றைக்கே பார்த்தேன்; ஊசியை மட்டும் மாற்றியிருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஆற்றில் தொலைந்த கதையை நீங்கள் நம்பலாம், நான் நம்பவில்லை. தொலைந்ததை யார் பார்த்தது? அசல் கெசியாவிடம்தான் இருக்கிறது. நகலைப் பெட்டியில் வைக்கிறோம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றாளே, சாதாரண அழுத்தமா அது?

நீங்கள் அதட்டினால் சொல்ல மாட்டாள். நான் பக்குவமாகக் கேட்டால் சொல்லுவாள். ஹெப்ரான் ஊருக்குப் போய்விட்டானா, சார்? வீட்டில் இப்போது அவள் தனியாகத்தானே இருக்கிறாள்?